பல்கலைக்கழகக் கணக்கு மூடப்போகிறது: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: என் பிஎச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்துவிட்டது. சிறு திருத்தங்கள் மட்டும் பாக்கி. அவற்றைச் செய்து கொடுக்க இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் ஏழு மாதம். இதற்கிடையில், 'படிப்பு முடிந்த 60 நாளில் உங்கள் கணக்கு மூடப்படும்' என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஐ.டி. பிரிவில் கேட்டால் பதிவாளர் அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் துறை அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். துறை அலுவலகமோ 'நூலகத்தில் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள்' என்கிறது. மூன்று பருவம் கற்பித்தல் உதவியாளராகவும் வேலை பார்த்திருக்கிறேன். வேறு நாட்டில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சான்றிதழ் வேலைகளை முதலில் முடிப்பதா, கணினி வேலைகளையா? எங்கிருந்து தொடங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

பதில்: கணினி வேலைகளை முதலில் முடியுங்கள். சான்றிதழ் முக்கியமில்லை என்பதால் சொல்லவில்லை. சான்றிதழுக்குப் பத்து ஆண்டு கழித்தும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கூடும், அலைச்சல் இருக்கும், ஆனால் கிடைத்துவிடும். மூடிய கணக்கில் இருந்த கோப்பு அப்படித் திரும்பி வராது. 'எது பெரிய விஷயம்' என்று வரிசைப்படுத்தாமல், 'மாணவர் என்ற நிலை போனதும் எதெல்லாம் கூடவே போகும்' என்று வரிசைப்படுத்துங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த 60 நாள் எந்த நாளிலிருந்து? 'படிப்பு முடிந்த' என்பதற்கு ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நான்கு தேதிகள் இருக்கலாம். திருத்திய ஆய்வேடு ஏற்கப்பட்ட நாள், கல்விப் பேரவை பட்டத்துக்கு ஒப்புதல் தந்த நாள், நீங்கள் பதிவு செய்திருக்கும் பருவத்தின் கடைசி நாள், பட்டமளிப்பு விழா நாள். மாணவர்கள் பெரும்பாலும் கடைசித் தேதியை மனதில் வைத்திருப்பார்கள், கணினி முதல் தேதியை எடுத்துக்கொண்டிருக்கும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

உங்களை ஏன் ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் அனுப்புகிறார்கள் என்பதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது. உங்கள் 'நிலை' என்பது பதிவாளர் அலுவலகத்தின் மாணவர் பதிவேட்டில் உள்ள ஒரு கட்டம். அதில் 'பயில்பவர்' என்பது 'முடித்தவர்' என்று மாறினால், அந்தச் செய்தி தானாகவே, பெரும்பாலும் அன்றிரவே, அடையாள மேலாண்மை மென்பொருளுக்குப் போகும். அங்கிருந்து மின்னஞ்சல், நூலக அட்டை, வைஃபை, மென்பொருள் உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு வைத்து மூடல் ஆணை பறக்கும். ஐ.டி. ஊழியர் யாரும் உட்கார்ந்து உங்கள் கணக்கை மூடுவதில்லை, அவரிடம் கெஞ்சியும் பயனில்லை. பதிவாளர் அலுவலகத்துக்கோ, தான் மாற்றிய அந்தக் கட்டத்தால் எத்தனை கதவுகள் சாத்தப்படுகின்றன என்பது பல சமயம் தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் சங்கிலியின் ஒரு கண்ணிதான் தெரியும்.

ஆகவே நேரில் அலைவதை நிறுத்திவிட்டு, பதிவாளர் அலுவலகத்துக்கும் ஐ.டி. உதவி மையத்துக்கும் சேர்த்தே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவெண், துறை, நெறியாளர் பெயர் மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். கேள்விகள் இப்படி இருக்கலாம்: 'என் மாணவர் நிலை எந்தத் தேதியில், எந்த நிகழ்வால் மாறும்? அதற்குப் பிறகு மின்னஞ்சல், மேகச் சேமிப்பு, நூலகத்தின் இணையவழி அணுகல், மென்பொருள் உரிமம் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருக்கும்? நான் உதவியாளராக இருந்ததால் பணியாளர் கணக்கு என்று தனியாக ஏதும் உள்ளதா? முன்னாள் மாணவர் மின்னஞ்சல் உண்டா? உண்டென்றால் அது அஞ்சல்பெட்டியா, வெறும் திருப்பி அனுப்பும் வசதியா?' பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணக்கு தவறுதலாக முன்கூட்டியே மூடப்பட்டால், திறக்க வைப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு மின்னஞ்சல்தான்.

இதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும் என்று பதில் வந்தால், திருத்தங்களை முடித்து வைத்துக்கொண்டு, கணக்கைக் காலி செய்த பிறகு கொடுங்கள். ஆனால் புதிய பருவத்துக்குப் பதிவுக் கட்டணம் விழும் நாளைத் தாண்டிவிடாதீர்கள். அந்தத் தேதியையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இப்போது மின்னஞ்சலுக்கு வருவோம். பழைய கடிதங்கள் போவது ஒரு இழப்புதான். அந்த முகவரியை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும் மற்ற கணக்குகள் போவது அதைவிடப் பெரிய இழப்பு. கடவுச்சொல்லை மறந்தால் மீட்பு இணைப்பு அந்த முகவரிக்குத்தான் வரும். பெட்டி மூடியபின் அந்த இணைப்பு யாருக்கும் போகாது. சில பல்கலைக்கழகங்களில் அதே முகவரி சில ஆண்டு கழித்து அதே பெயருள்ள வேறொருவருக்குக் கொடுக்கப்படுவதும் உண்டு. அப்போது உங்கள் மீட்பு இணைப்பு அவருக்குப் போகும்.

எங்கெல்லாம் அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைவிலிருந்து பட்டியல் போட முடியாது. பெட்டியிலேயே 'வெரிஃபை', 'வெல்கம்', 'பாஸ்வேர்டு', 'ரெஜிஸ்ட்ரேஷன்' போன்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலையும் திறந்து, பல்கலைக்கழக முகவரி வரும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது எழுபது கணக்குகள் வந்தால் ஆச்சரியமில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றை இன்றே மாற்ற வேண்டும்.

ஆர்கிட் முதலில். 2012 முதல் இயங்கும் இந்த 16 இலக்க ஆய்வாளர் எண் உங்களுடையது, பல்கலைக்கழகத்தினுடையது அல்ல. ஆனால் அதில் பல்கலைக்கழக முகவரி ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, 'நிறுவனம் வழியாக நுழைக' என்ற பொத்தானையே இத்தனை நாளும் அழுத்தியிருந்தால், கணக்கு மூடிய மறுநாள் நீங்கள் வெளியாள். தனிப்பட்ட முகவரியைச் சேர்த்து, அதைச் சரிபார்த்து, முதன்மை முகவரியாக்கி, ஆர்கிட்டுக்கென்றே தனிக் கடவுச்சொல் வைத்துவிடுங்கள். பழைய முகவரியை நீக்க வேண்டாம், கூடவே இருக்கட்டும். இதைச் செய்யாமல் விடுபவர்கள் வேறு வழியில்லாமல் இரண்டாவது எண் எடுக்கிறார்கள். அப்புறம் கட்டுரைகள் இரண்டு பேருடையவைபோல் பிரிந்து கிடக்கின்றன.

அடுத்து, பரிசீலனையில் இருக்கும் கட்டுரைகள். ஆய்விதழ்களின் சமர்ப்பிப்புத் தளங்கள் ஒவ்வொரு இதழுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றவற்றில் மாறாது. இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் 'தொடர்பு ஆசிரியர்' நீங்கள் என்றால், 'திருத்தி அனுப்புக, 30 நாள் கெடு' என்ற கடிதம் இல்லாத பெட்டிக்குப் போய், கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். கட்டுரையில் போட்ட நிறுவனப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆய்வு எங்கே நடந்ததோ அதுதான் அங்கே வர வேண்டும், புதிய இடத்தை 'தற்போதைய முகவரி' என்று அடிக்குறிப்பில் போடலாம். மின்னஞ்சலை மட்டும் நிலையான ஒன்றாக மாற்றுங்கள்.

ஸோட்டெரோ (மேற்கோள் நூல்களைச் சேர்த்து வைப்பது), ஓவர்லீஃப் (இணையத்தில் ஆய்வேடு எழுதுவது), கிட்ஹப் (நிரல்களைச் சேமிப்பது) மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சலைச் சேர்க்கலாம் என்பதால் வேலை எளிது. ஓவர்லீஃபில் பல்கலைக்கழகச் சந்தா முடிந்ததும் கணக்கு இலவச நிலைக்கு இறங்கும். திட்டங்கள் அழியாது, ஆனால் பல பேர் சேர்ந்து எழுதும் வசதி சுருங்கும். எதற்கும் ஆய்வேட்டின் மூலக் கோப்புகளை ஸிப்பாக இறக்கி வையுங்கள். ஸோட்டெரோவில் இலவசமாகக் கிடைப்பது 300 எம்.பி. மட்டும். பிடிஎஃப்களை அதன் சர்வரில் நிறைத்து வைத்திருந்தால் கணினியிலும் ஒரு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தை எந்தக் கூகுள் கணக்கில் உருவாக்கினீர்கள் என்பதையும் கவனியுங்கள். தனிப்பட்ட கணக்கில் உருவாக்கி, பல்கலைக்கழக முகவரியைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொடுத்திருந்தால் பிரச்சினையில்லை.

இனி கோப்புகள். 'என் தனிப்பட்ட கணக்குக்குப் பகிர்ந்துவிட்டேன், பத்திரமாக இருக்கும்' என்ற நம்பிக்கை ஆபத்தானது. பகிர்வது என்பது பார்க்க அனுமதி தருவது, அவ்வளவே. கோப்பின் உரிமையாளர் பல்கலைக்கழகக் கணக்குதான். அந்தக் கணக்கு அழிந்தால் கோப்பும் அழியும், பகிரப்பட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து. பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வெளிக் கணக்குக்கு உரிமையை மாற்றவும் கூகுள் டிரைவ் விடாது. பிரதி எடுப்பதே வழி.

கூகுள் கணக்கு என்றால், எல்லாவற்றையும் மொத்தமாகத் தரவிறக்கும் டேக்அவுட் வசதி இருக்கிறது. நிர்வாகி அதை முடக்காமல் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். தரவிறக்கும்போது கோப்புப் பொதியின் அளவைக் கேட்கும். 2 ஜி.பி. என்று விட்டால் ஐம்பது துண்டுகள் வந்து நிற்கும். இணைய இணைப்பு நன்றாக இருந்தால் 10 ஜி.பி. என்று வையுங்கள். பொதி தயாராகச் சில மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகும், தயாரான இணைப்பு 7 நாளில் காலாவதியாகும். கடைசி நாள் இரவில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பிறர் உங்களுடன் பகிர்ந்த கோப்புகள் இதில் வராது. நெறியாளர் உருவாக்கிய அந்தப் பெரிய அட்டவணை வேண்டுமென்றால் தனியாகப் பிரதி எடுங்கள். கடிதங்கள் எம்பாக்ஸ் கோப்பாக வரும், தண்டர்பேர்டு போன்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பொறி வேறு இடத்தில். மடிக்கணினியில் ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்தால் எல்லாக் கோப்புகளும் இருப்பதுபோல் தெரியும். பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகப் படம் இருந்தால், இருப்பது பெயர் மட்டும், உள்ளடக்கம் சர்வரில். கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, 'எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு' என்ற தெரிவைக் கொடுத்து, முழுவதும் இறங்கியபின் வேறொரு வெளி வட்டுக்கு நகலெடுங்கள். கணக்கு நீக்கப்பட்ட பிறகு ஒன்டிரைவ் கோப்புகளை வைத்திருக்கும் காலம், யாரும் மாற்றாவிட்டால், 30 நாள். அதைக் கூடுதல் அவகாசம் என்று நினைக்காதீர்கள். அந்த 30 நாளில் நிர்வாகிதான் எடுக்க முடியும், நீங்கள் அல்ல.

இதே மடிக்கணினியில் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம்: விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. சொந்தக் கணினியாகவே இருந்தாலும், அதில் பல்கலைக்கழகக் கணக்கை இணைத்திருந்தால் வட்டின் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். கணக்கு போனபின் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு கணினி சாவி கேட்டால், வட்டு மொத்தமும் கை விட்டுப் போகும். அமைப்புகளில் பிட்லாக்கரைத் தேடி, 48 இலக்கச் சாவியைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, அதன்பிறகு பல்கலைக்கழகக் கணக்கின் இணைப்பைத் துண்டியுங்கள். வேர்டு, எக்ஸெல் உரிமமும் அந்தக் கணக்கோடு போகும். திறக்கும், படிக்கலாம், திருத்த விடாது.

முன்பு பல இடங்களில் மாணவர் கணக்கை ஆயுள் முழுக்கத் தருவதாகச் சொன்னார்களே என்று கேட்பீர்கள். கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த வரம்பில்லாச் சேமிப்பைக் கூகுள் 2022இல் நிறுத்தி, ஒரு நிறுவனம் மொத்தத்துக்கும் 100 டி.பி. என்று அடிப்படை அளவு வைத்தது. பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் அதைப் பங்கிட்டால் ஆளுக்குச் சில ஜி.பி.தான் வரும். பழைய மாணவர்களின் கணக்குகள் மேல் கத்தி விழுந்தது அதன்பிறகுதான். அதனால் சீனியர்கள் சொல்லும் 'எனக்கு இன்னும் திறக்கிறதே' என்பதை நம்ப வேண்டாம்.

எடுத்த பிரதியைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். வெவ்வேறு கோப்புறைகளிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள், எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். முழுப் பிரதி ஒன்றை இந்த வாரமே எடுங்கள், மூடுவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொன்று.

ஆனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகவும் கூடாது. ஆய்வுத் தரவில் மனிதர்களின் பெயர், குரல் பதிவு, மருத்துவ விவரம், தொலைபேசி எண் இருந்தால் அது உங்கள் சொத்து இல்லை. நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் 'தரவு எங்கே, எத்தனை ஆண்டு, யார் பொறுப்பில் இருக்கும்' என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டிருப்பீர்கள். அந்தப் பத்தியை எடுத்துப் படியுங்கள். பங்கேற்பாளர்களின் கையெழுத்துள்ள ஒப்புதல் படிவங்களையும் அடையாளம் தெரியும் கோப்புகளையும் தனிப்பட்ட மேகச் சேமிப்புக்கு ஏற்றுவது, பெரும்பாலும் அந்த வாக்குறுதியை மீறுவதாகும். அவற்றை நெறியாளரிடமோ துறையின் பாதுகாப்பான சேமிப்பிலோ ஒப்படைத்து, என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் வாங்குங்கள். ஆய்வகக் குறிப்பேடு இருந்தால் மூலம் அங்கேயே நிற்கும், உங்களுக்கு ஒளிநகல். அடையாளம் நீக்கிய தரவைப் பொதுவில் வைக்க அனுமதி இருக்குமானால் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் போடலாம். ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை இடமும் டிஓஐ எண்ணும் (கட்டுரைக்கோ தரவுக்கோ தரப்படும் நிலையான அடையாள எண்) தருகிறார்கள்.

உரிமம் பெற்ற மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்புகளை, உரிமம் இருக்கும்போதே மாற்றுங்கள். புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸின் கோப்பை சிஎஸ்வியாக (எதிலும் திறக்கும் எளிய அட்டவணை) மாற்றினால் எண்கள் வரும், ஆனால் '1 என்றால் பெண், 2 என்றால் ஆண்' என்ற விளக்கங்கள் உதிர்ந்துவிடும். மாறிகளின் விளக்கப் பட்டியலைத் தனியாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். மூலக் கோப்பையும் வைத்திருங்கள், ஆர் மொழியும் இலவச பிஎஸ்பிபியும் அதைப் படிக்கும். என்விவோ, அட்லஸ் போன்றவற்றில் நேர்காணல்களைக் குறியிட்டிருந்தால், பல மென்பொருள்கள் பொதுவாக ஏற்கும் ரெஃபி வடிவில் திட்டத்தை ஏற்றுமதி செய்யுங்கள். இதை உரிமம் முடிந்தபின் செய்யவே முடியாது. குறியீடுகளின் பட்டியலை வேர்டு கோப்பாகவும் எடுத்து வையுங்கள். ஏற்றுமதி சில சமயம் நினைவுக் குறிப்புகளை விட்டுவிடும்.

நூலகத்தில் செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஐந்நூறு கட்டுரைகளைத் தொடர்ச்சியாக இறக்காதீர்கள். பதிப்பாளரின் சர்வர் அதைத் தானியங்கி நகலெடுப்பு என்று எண்ணி அணுகலை முடக்கும். முடங்குவது உங்களுக்கு மட்டுமாக இருக்காது, சமயத்தில் பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் முடங்கும். நூலகம் உங்கள் பெயரைக் கண்டுபிடித்து, பாக்கியில்லாச் சான்றையும் நிறுத்தி வைக்கும். உண்மையில் வேண்டியவற்றை நாளுக்குக் கொஞ்சமாக இன்றிலிருந்தே எடுங்கள்.

சேமித்து வைத்த இணைப்புகளையும் பாருங்கள். வீட்டிலிருந்து நூலகம் வழியாகத் திறந்த பக்கங்களின் முகவரிக்கு நடுவில் நூலகத்தின் ப்ராக்ஸி (இடையில் நின்று அனுமதி தரும் சர்வர்) பெயர் ஒட்டியிருக்கும். கணக்கு மூடியதும் அந்த இணைப்புகள் எல்லாம் நுழைவுப் பக்கத்திலேயே முட்டி நிற்கும். டிஓஐயை மட்டும் குறித்து வைத்தால் போதும். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்த நூல்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். அவை இரண்டு நூலகக் கணக்குகளில் ஏறியிருக்கும், ஒன்றில் கழிந்து மற்றொன்றில் நிற்பது வழக்கமாக நடக்கும் கூத்து. முன்னாள் மாணவர்களுக்கு நேரில் வந்து படிக்கும் அனுமதி பல இடங்களில் உண்டு. ஆனால் மின்னிதழ்கள் பெரும்பாலும் வளாகத்துக்குள் மட்டும்தான்.

ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது கவனிக்க இரண்டு விஷயம். நீண்ட காலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப்/ஏ வடிவம் கேட்பார்கள். ஏற்க மறுத்தால் பெரும்பாலும் எழுத்துரு உள்ளே பதியாததுதான் காரணம், அல்லது முதல் பதிப்பான பிடிஎஃப்/ஏ-1 ஒளி ஊடுருவும் படங்களை ஏற்காததால் இருக்கும். 2011இல் வந்த ஏ-2 ஏற்கும், அதை அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது, தாமத வெளியீடு, அதாவது ஆய்வேட்டைச் சில காலம் பொதுவில் காட்டாமல் வைப்பது. ஆய்வேட்டை நூலாகப் போடவோ காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கவோ எண்ணமிருந்தால் ஏற்றும்போதே அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும். ஒருமுறை பொதுவில் வந்தால் காப்புரிமையின் புதுமைக்கே கேடு. தலைப்பு, திருத்தங்களால் ஒரு சொல் மாறியிருந்தாலும், பதிவாளர் அலுவலகப் பதிவிலும் மாற வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழில் பழைய தலைப்பு அச்சாகும்.

இப்போது சான்றிதழ்கள். உங்களுக்கு உடனே வேண்டியது பட்டச் சான்றிதழ் அல்ல, அது விழாவுக்கு முன் வராது. கேட்க வேண்டியது படிப்பு நிறைவுக் கடிதம். 'பட்டத்துக்கான எல்லா நிபந்தனைகளையும் இன்ன தேதியில் நிறைவு செய்துவிட்டார், பட்டம் இன்ன தேதியில் வழங்கப்படும்' என்று இரண்டு தேதியும் அதில் இருக்க வேண்டும். வேலை தருபவரும் விசா அலுவலகமும் இந்த ஏழு மாத இடைவெளியில் கேட்பது அதைத்தான். தற்காலிகச் சான்றிதழ் தரும் இடங்களில் அதையும் வாங்குங்கள், ஆனால் நிறைவுத் தேதி அதில் இல்லையென்றால் கடிதமும் தேவைப்படும். துறைத் தலைவர் எழுதித் தருவது போதாது. பதிவாளரோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோ கையெழுத்திட வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்டில் (எல்லாப் பாடங்களின் மதிப்பெண் பட்டியல்) பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முதலெழுத்து முன்னால் இருப்பது ஒன்றில், விரித்து எழுதியது மற்றொன்றில் என்ற குழப்பம் தமிழ்ப் பெயர்களுக்கே உரியது. மாணவராக இருக்கும்போது இதைத் திருத்த ஒரு படிவம் போதும். பட்டம் அச்சான பிறகு உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், மாதக் கணக்கில் காத்திருப்பு என்று நீளும். தாளின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தர மதிப்பெண்ணுக்கும் கிரெடிட்டுக்கும் என்ன பொருள் என்ற விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஐரோப்பிய முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்கள் பல்கலைக்கழகத்தின் 4 கிரெடிட் எத்தனை மணி நேரம் என்று காட்டும் பக்கம் இல்லாவிட்டால் உங்கள் படிப்பை எடைபோடும் வெளிநாட்டு மதிப்பீட்டாளர் தன் போக்கில் கணக்கிடுவார்.

டிஜிட்டல் கையெழுத்திட்ட பிடிஎஃப் தந்தால் அந்தக் கோப்பை வந்தபடியே வைத்திருங்கள். அச்சிட்டாலும், 'பிரிண்ட்' வழியாக வேறு பிடிஎஃப் ஆக்கினாலும், இன்னொரு கோப்போடு இணைத்தாலும் கையெழுத்து செத்துவிடும். மதிப்பீட்டு நிறுவனங்கள் பல உங்கள் கையிலிருந்து வரும் தாளை ஏற்பதில்லை, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை மாணவர் தளத்தில் நுழைந்துதான் போடும்படி வைத்திருப்பார்கள். முன்னாள் மாணவர்களுக்கு மாற்று வழி என்ன என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். அயல்நாட்டில் பயன்படுத்த, சான்றிதழ் உண்மையானது என்று அரசு உறுதி செய்யும் அபோஸ்டில் முத்திரை வேண்டியிருக்கும், அது தாளின் மேலோ பின்னாலோ ஒட்டப்படுவது. பிளாஸ்டிக் உறைக்கு மேல் யாரும் ஒட்டமாட்டார்கள், உறையை உரித்தால் தாள் கிழியும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்கு இந்த ஒரு முத்திரை போதும், மற்றவற்றுக்குத் தூதரகச் சான்று தேவை. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால், அந்த நாடுகளைப் பற்றிய பழைய அறிவுரைகள் இப்போது பொருந்தாது. அபோஸ்டிலைச் சான்றிதழ் வழங்கப்பட்ட நாட்டில்தான் வாங்க முடியும். நீங்கள் கிளம்பிய பிறகு என்றால், மூலச் சான்றிதழைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டி வரும். பட்டச் சான்றிதழ் விழாவுக்குப் பிறகுதான் வரும் என்பதால், உங்களுக்காக அதை வாங்கவும் முத்திரைக்குக் கொடுக்கவும் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அந்தக் கடிதத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் படிவம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் வெள்ளைத் தாளில் எழுதியதை ஏற்கமாட்டார்கள்.

நீங்கள் படித்த பாடங்களின் பாடத்திட்டம், நீங்கள் படித்த ஆண்டின் பதிப்பு, இப்போதே இறக்கி வையுங்கள். தொழில் உரிமம் தரும் அமைப்புகளும் வேறு பல்கலைக்கழகங்களும் வருடங்கள் கழித்துக் கேட்பது இதை. அதற்குள் பல்கலைக்கழகத் தளம் இரண்டு முறை மாறியிருக்கும், புதிய பாடத்திட்டம் மட்டுமே நிற்கும்.

கற்பித்தல் உதவியாளர் வேலைக்குப் பணி அனுபவச் சான்று தனியாக வாங்க வேண்டும். பாடப் பெயர், குறியீட்டு எண், தொடக்க முடிவுத் தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விரிவுரையா ஆய்வகமா என்பதெல்லாம் இருக்கட்டும். நெறியாளரின் பாராட்டுக் கடிதம் இதற்கு மாற்றாகாது, பணியாளர் பிரிவின் முத்திரை வேண்டும். உங்களைப் பற்றி மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கைகளைப் பருவவாரியாக இறக்குங்கள். ஆசிரியர் பணி விண்ணப்பத்தில் கேட்பார்கள், அவை கிடக்கும் தளமும் உங்கள் கணக்கால்தான் திறக்கும். மூடில் (Moodle) என்ற இணையப் பாடத் தளத்தில் நீங்கள் தயாரித்த பாடப் பொருட்களைக் காப்புப் பிரதி எடுக்கும்போது 'பயனர் தரவைச் சேர்' என்ற தெரிவு தெரிந்தால் அதன் குறியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் கூடவே வந்துவிடும், அவற்றை வெளியே கொண்டுபோக உங்களுக்கு உரிமை இல்லை. பிரதி எடுக்கும் அனுமதியே உங்களுக்குத் தரப்படவில்லை என்றால், பாடத்தின் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

சம்பளச் சீட்டுகளையும் ஆண்டு வருமானப் படிவங்களையும் மறக்க வேண்டாம், கடைசிப் படிவம் நீங்கள் போன பிறகுதான் வரும். பணியாளர் தளத்தில் தனிப்பட்ட மின்னஞ்சலும் புதிய அஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். கட்டிவைத்த வைப்புத்தொகை திரும்ப வரும் வங்கிக் கணக்கை அதற்கு முன் மூடிவிடாதீர்கள். மாணவர் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று தனியாகக் கேளுங்கள். அது கணக்கின் 60 நாளுக்குக் கட்டுப்பட்டதல்ல, நிலை மாறிய நாளிலேயே முடியலாம்.

பாக்கியில்லாச் சான்றுக்கு அலையும் வரிசையில் நூலகம் முதலில், ஆய்வகம், விடுதி அடுத்து, கணக்குப் பிரிவு கடைசியில். கணக்குப் பிரிவு மற்றவர்களின் கையெழுத்தைப் பார்த்துத்தான் போடும். சின்ன அபராதம் ஒன்று எங்கேனும் நின்றாலும் டிரான்ஸ்கிரிப்ட் நகராது. 'விண்ணப்பம் நிலுவையில்' என்று மட்டும் காட்டும், காரணம் சொல்லாது. ஒரு வாரம் நகராவிட்டால், 'என் பதிவில் தடை ஏதும் உள்ளதா, எந்தப் பிரிவு வைத்தது' என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதிக் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் வேறு கோரிக்கைகளையும் சேர்த்தால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வந்து, கோப்பு முடிந்ததாகக் குறிக்கப்படும்.

எல்லாம் முடிந்த பிறகும் மின்னஞ்சலில் ஒரு வேலை இருக்கிறது. தானியங்கிப் பதிலில் புதிய முகவரியைப் போட்டு வையுங்கள், ஆனால் பெட்டி மூடியதும் அதுவும் நின்றுவிடும் என்பதால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தனிப்பட்ட முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். திருப்பி அனுப்பப்படும் கடிதங்கள் அனுப்புநரின் சொந்த சர்வரிலிருந்து வராததால் எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்பிய சர்வருக்கு அந்த முகவரியின் அனுமதி உண்டா என்று பார்ப்பது) தோற்று, குப்பைப் பெட்டியில் விழ வாய்ப்புண்டு. வேலைக்கு விண்ணப்பித்த இடங்களுக்கு நீங்களே ஒரு வரி எழுதி முகவரி மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், பழைய முகவரியிலிருந்தே அனுப்புங்கள், புதியதை நகலில் சேருங்கள். அப்போதுதான் எழுதுவது நீங்கள்தான் என்று அவர்களுக்குச் சந்தேகம் வராது.